விளிம்பில் இருந்த பெயர்

புதன்கிழமை காலை சிநேகிதன் இடியின் மனைவி வந்து கதவைத் தட்டியபோது, கந்தல் என்று எல்லோரும் கூப்பிடுகிறவர் வாளித் தண்ணீருக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சட்டைக் கழுத்தில் ஒட்டியிருந்த கிரீஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பாய்லர் பார்க்கிற ஆளுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் விடுப்பு. அந்த ஒரு நாளையும் தேய்ப்பதற்கும் துவைப்பதற்குமே கொடுத்துவிடுகிறீர்களே என்று அவர் மனைவி சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோயிருந்தாள்.

கந்தல் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. கடற்படைக் கப்பலின் பாய்லர் அறையில் இருந்த காலத்தில் அவர் கையில் எந்நேரமும் ஒரு துடைக்கிற துணி இருக்கும். தூங்கும்போதும் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறான் என்று கேலி செய்வார்கள். அதனால் கந்தல். பக்கத்துப் பாய்லரில் நின்றவனுக்குப் பெரிய குரல், தீப்பெட்டி கேட்டால் மேல்தளத்தில் இருக்கிறவன் திரும்பிப் பார்ப்பான். அதனால் இடி. இருவரும் ஒரே நாளில், ஒரே வரிசையில், முன்னும் பின்னுமாக நின்று படையில் சேர்ந்தவர்கள். படை எண்கூட அடுத்தடுத்த எண்தான். இடி செத்து ஒன்றரை மாதம் ஆகிறது.

"உள்ள வாம்மா. அவ தையல் மிஷின்ல இருக்கா, கூப்பிடுறேன்" என்றார் கந்தல், கையை உதறிக்கொண்டே.

"அவங்க வேலையக் கெடுக்க வேணாம்ணே. உங்களப் பாக்கத்தான் வந்தேன்." அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்து அதன் வாரை முறுக்கினாள். "அவரோட மெடலு உங்ககிட்டதான இருக்கு?"

"இருக்கு. பத்திரமா இருக்கு."

"அதுல எனக்குச் சந்தேகமே இல்லண்ணே. என் வீட்ல இருந்திருந்தா அதுவும் என்னைக்கோ பாட்டிலாப் போயிருக்கும்."

இரண்டு பேரும் கொஞ்சம் சிரித்தார்கள். பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள். இடியின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வாங்கி வந்திருக்கிறாள். மகள் சுவரில் மாட்ட விடமாட்டேன் என்கிறாள். வீடு மகளுடைய சம்பளத்தில் ஓடுகிற வீடு. அவள் வேண்டாமென்றால் வேண்டாம்தான்.

"குடிச்சிட்டுக் கத்துன கத்துதான் அவளுக்கு ஞாபகம் இருக்குண்ணே. அவளச் சொல்லியும் குத்தமில்ல. அவருக்குப் பதினஞ்சு வருஷ சேவைக்கு, நல்ல நடத்தைக்குன்னு மெடல் குடுத்திருக்காங்கடின்னேன். விழுந்து விழுந்து சிரிக்கிறா. 'நல்ல நடத்தையா? அந்த ஆளுக்கா? படையை விட்டுத் தொரத்துனாங்கன்னுதான ஊரே சொல்லுது'ங்கிறா. எனக்கு ஆத்திரம் வந்துடுச்சு. உங்கப்பன் பேரு அந்த மெடலோட விளிம்பச் சுத்திப் பதிச்சிருக்குடி, நம்பரு, பதவி, பேரு, கப்பல் பேரு எல்லாம் இருக்கு, நான் கண்ணால பாத்தேன்னேன். 'கொண்டாந்து காட்டு. பேரு இருந்தா நானே ஆணி அடிக்கிறேன்'னுட்டா."

"அவ்வளவுதான?" என்றார் கந்தல். அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "ஒரு நிமிஷம் இரு. இப்பவே எடுத்துட்டு வரேன். கண்ணு கூசுற மாதிரி வச்சிருக்கேன்."

கூசத்தான் செய்தது. உள்ளறை அலமாரியில் மேல்தட்டிலிருந்து புகையிலை டப்பாவை எடுத்துத் திறந்தார். இரண்டு வெள்ளிப் பதக்கங்கள், அவருடையதும் இடியுடையதும், பக்கத்தில் பக்கத்தில். ஒரு பக்கம் பாய் விரித்த கப்பல், மறுபக்கம் படையின் சின்னம். இடியுடையதை எடுக்கக் கை நீட்டியவர் சும்மா ஒரு பார்வைக்காக, ஆணியில் தொங்கிய சட்டையின் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு விளிம்பைத் திருப்பினார்.

விளிம்பில் ஒன்றும் இல்லை.

சுற்றிலும் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. மற்றதை எடுத்தார். அதிலும் இல்லை. ஜன்னலுக்குக் கொண்டுபோனார். கண்ணாடியைக் கழற்றி பனியனில் துடைத்து மாட்டினார். வெண்ணெயில் விரல் வைத்து இழுத்தது போல இரண்டும் வழவழவென்று இருந்தன.

அவர் தன் கையைப் பார்த்தார். அந்தக் கைக்குத் தெரியும்.

படையில் சேர்ந்த முதல் வாரமே, பயிற்சி கொடுத்தவன் இவரை நிற்க வைத்துச் சொன்னது இதுதான்: "மூஞ்சியத் தொடைக்க எவனும் தொடைப்பான். நான் விளிம்பத்தான் பாப்பேன்." சனிக்கிழமைதோறும் மேலதிகாரி வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு வந்து பித்தளையின் ஓரங்களில்தான் விரலை ஓட்டுவார். கையுறையில் கறுப்பு ஒட்டினால் அந்த ஞாயிற்றுக்கிழமை கரையிறங்க முடியாது. பதினெட்டு வருஷம் அப்படிப் பழகிய கை கரைக்கு வந்த பிறகு நிற்குமா? சனிக்கிழமை சாயங்காலமானால் டப்பாவை எடுப்பார். பழைய பனியன் துணி, பாலிஷ். பாலிஷ் தீர்ந்துபோனால் கப்பலில் செய்கிற மாதிரி சலித்த செங்கல் பொடி. முகத்துக்கு நாலு தேய்ப்பு, விளிம்புக்கு நாற்பது தேய்ப்பு. கண்ணாடி போட்டுக்கொண்டு செய்கிற வேலையா அது? கட்டைவிரலே பார்த்துக்கொள்ளும். விளிம்பு நெருடாமல் வழுக்க ஆரம்பித்தபோது, வேலை சுத்தமாக வந்திருக்கிறது என்று அவருக்கு மனசு நிறைந்திருந்தது. இருபத்திரண்டு வருஷம்.

வெளியே வந்தார். "ரிப்பன் நைஞ்சு போயிருக்கும்மா. புதுசு வச்சுத் தைக்கச் சொல்லி ஞாயித்துக்கிழமை நானே கொண்டு வந்து தரேன்."

"பேரு தெளிவா இருக்குல்லண்ணே?"

"அது எங்க போகப் போகுது" என்றார் கந்தல். சொல்லி முடித்த பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் போனதும் தையல் மிஷின் நின்றது. "ரிப்பன் போன வருஷம்தான மாத்தினேன்?" என்றாள் மனைவி. அவளுக்குத் தெரியாமல் அந்த வீட்டில் ஒரு ஊசி விழாது.

டப்பாவை அவள் முன்னால் வைத்தார். அவள் ஊசிக்கு நூல் கோக்கிற கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, "கடவுளே, இத ஏன் இப்படிப் பண்ணி வச்சிருக்கீங்க?" என்றாள்.

"அத விடு. இதுல அவனோடது எது?"

"என்னையக் கேக்குறீங்க?"

"நீதான ரிப்பன் தச்ச?"

"ரெண்டுக்கும் ஒரே சுருள்லதான் வெட்டினேன். வித்தியாசம் வேணும்னு நீங்க சொல்லலையே."

சொல்லவில்லைதான். பெயர் இருக்கிற பொருளுக்கு அடையாளம் எதற்கு? அதுவும் போக, டப்பாவில் வைப்பதில் ஒரு முறை வைத்திருந்தார். கப்பலில் இடது வலது என்பது நிற்கிற ஆளைப் பொறுத்தது இல்லை. நீ எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் சரி, கப்பல் மூக்கைப் பார்த்து நிற்கிறவனுக்கு எது இடதோ அதுதான் எல்லோருக்கும் இடது. அதே கணக்கில், டப்பா மூடியின் கீல் இருக்கும் பக்கம் பின்பக்கம், திறக்கிற பக்கம் மூக்கு. இடதில் தன்னுடையது, வலதில் இடியுடையது. பிசகே வராத ஏற்பாடு. ஆனால் கீல் துருப்பிடித்து உடைந்து எட்டு வருஷமோ பத்து வருஷமோ ஆயிற்று. அன்றிலிருந்து மூடி தனி, டப்பா தனி. தட்டையான வட்ட டப்பா. கீல் இல்லாத வட்டத்துக்கு மூக்கு எது, முதுகு எது?

"உடைஞ்ச அன்னிக்கு எந்தப் பக்கமா வச்சேன்?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார். ஒரு நிமிஷம் வலது கையில் இருப்பது இடியுடையது என்று அடித்துச் சொல்லலாம் போலிருந்தது. அடுத்த நிமிஷம் அந்த நிச்சயம் சோப்புக்கட்டி மாதிரி நழுவியது.

"பழைய படைக்காரங்க அணிவகுப்புக்குப் போவீங்களே, அப்ப எதக் குத்திக்கிட்டுப் போனீங்க?" என்றாள் மனைவி.

"என்னோடதத்தான்."

"அதான் எது?"

இத்தனை வருஷம் நெஞ்சில் குத்திக்கொண்டு நிமிர்ந்து நடந்தது யாருடைய பதினைந்து வருஷம் என்று யோசித்தார். யோசிக்க யோசிக்க இடியின் முகமும் கண்ணாடியில் பார்க்கிற தன் முகமும் பாய்லர் அறைக் கரியோடு ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டன.

மறுநாள் வேலை முடிந்ததும், கையில் சோப்பு வாடை போவதற்குள் பெயர்ப்பலகை வெட்டுகிற கடைக்குப் போனார். கதவுக்குப் பலகை, கோப்பைக்குப் பெயர், ரப்பர் முத்திரை எல்லாம் செய்கிற கடை. கடைக்காரர் கண்ணில் ஒரு பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு பதக்கங்களைத் திருப்பினார்.

"எந்தப் பாவி இதுக்கு அரம் போட்டு ராவினது?"

"நான்தான். அரம் இல்ல. துணி."

"எதுக்குங்க?"

"சுத்தத்துக்கு."

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றாமலே இவரை நிமிர்ந்து பார்த்தார். அந்த ஒற்றைக் கண் முட்டை அளவுக்கு இருந்தது. "நல்லவேளை, கோயில் கோபுரத்த உங்ககிட்ட குடுக்கல" என்றார். பிறகு விளக்கைக் கிட்டே இழுத்தார். "இந்தா, இதுல ஒரு நாலு தெரியுது. பக்கத்துல இன்னொரு நாலு மாதிரி நிழலா இருக்கு. உங்க நம்பர் என்ன?"

கந்தல் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். சொன்னார்.

"அப்ப இது உங்களுது."

"இல்லைங்க. அவனுக்கும் நாலு நாலுன்னுதான் ஆரம்பிக்கும். நாங்க அடுத்தடுத்த ஆளு. கடைசி எண் மட்டும்தான் மாறும்."

"கடைசி எண் இருந்த இடத்துல இப்ப உங்க மொகம்தான் தெரியுது."

நகை நிறுக்கிற சின்னத் தராசில் இரண்டையும் வைத்துப் பார்த்தார். ஒன்று ஒரு மயிரிழை குறைவாக இருந்தது. அதிகம் தேய்ந்தது எது என்று தெரிந்துவிட்டது. அதிகம் தேய்த்தது எதை என்பது கந்தலுக்குத் தெரியவில்லை. தன்னுடையதை முதலில் எடுப்பார், புதுத் துணி, புதுப் பாலிஷ். அப்படியானால் குறைந்தது தன்னுடையது. ஆனால் அடுத்தவன் பொருள் என்று இடியுடையதை இரண்டு தேய்ப்பு கூடத் தேய்ப்பாரே? அப்படியானால் குறைந்தது அவனுடையது.

"இதுக்கு ஏங்க மண்டையப் போட்டு ஒடைச்சிக்கிறீங்க?" என்றார் கடைக்காரர், கந்தலிடம் கதையைக் கேட்டுவிட்டு. "உங்க சிநேகிதர் பேர எழுதிக் குடுங்க. அரைமணி நேரத்துல வெட்டி, லேசா மருந்து தடவிப் பழசாட்டம் ஆக்கித் தரேன். அந்தம்மா பாக்கப் போறாங்க, சந்தோசப்படப் போறாங்க. அவ்வளவுதான?"

கந்தல் காகிதத்தை வாங்கினார். இடியின் எண், பதவி, பெயர், கப்பல். இதில் பொய் ஒரு எழுத்துகூட இல்லையே என்று நினைத்தார். இருந்த பெயர்தான். இருந்த இடத்தில்தான்.

"எந்த மெடல்ல?" என்றார் கடைக்காரர், உளியை எடுத்துக்கொண்டு.

கந்தலின் விரல் ஒன்றின் மேல் போனது. பிறகு மற்றதன் மேல் போனது. தன்னுடையதில் இடியின் பெயரை வெட்டிவிட்டால் அது இடியுடையது ஆகிவிடுமா? அப்போது டப்பாவில் மிச்சமிருக்கிற இடியுடையது தன்னுடையது ஆகிவிடுமா? அதில் யாருக்கு என்ன நஷ்டம்? நஷ்டம் எதுவும் தட்டுப்படவில்லை. ஆனாலும் விரல் எதன் மேலும் நிற்கவில்லை. அப்போதுதான் இன்னொன்று ஞாபகம் வந்தது. பழைய எழுத்து அச்சு வைத்து அடித்துப் பதித்தது. இது உளியால் வெட்டுவது. இடியின் மகள் லேத் பட்டறையில் ஒன்பது வருஷமாக இரும்பு கடைகிற பெண். வெட்டினதா, அடித்ததா என்று அவளுக்குத் தெரியாதா? கண்டுபிடித்துவிட்டால் படம் மட்டுமில்லை, செத்தவனே பொய்யன் ஆகிப்போவான்.

"வேணாங்க" என்று இரண்டையும் அள்ளிப் பையில் போட்டுக்கொண்டார்.

மனசாட்சிக்குப் பயந்து எழுந்தோமா, லேத்காரப் பெண்ணுக்குப் பயந்து எழுந்தோமா என்று வழி நெடுக யோசித்துக்கொண்டே வந்தார். வீடு வந்தும் தீரவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே டப்பாவைத் திறந்து, துணியில் பாலிஷ் தொட்டுவிட்டார். மனைவி பார்த்துவிட்டு, "இன்னும் எதத் தேய்க்கணும்? அந்தக் கப்பலையும் முழுக அடிச்சிடணுமா?" என்றாள். திருட்டில் பிடிபட்டவன் போலத் துணியைக் கீழே போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்து போனபோது இடியின் படம் கதவுக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி தரையில் சாத்தியிருந்தது. மகள் மேஜைமேல் மின்விசிறியைப் பிரித்துப்போட்டுத் திருகாணியை வாயில் கவ்விக்கொண்டிருந்தாள். நகக்கண்ணெல்லாம் கறுப்பு. அந்தக் கறுப்பைப் பார்த்ததும் கந்தலுக்கு அவள் அப்பன் ஞாபகம் வந்தது.

"வாங்க மாமா. உக்காருங்க" என்றாள் திருகாணியைத் துப்பிவிட்டு. "அம்மா நாலு நாளா உங்க பேரையே ஜபிச்சிட்டிருக்காங்க."

கந்தல் உட்காரவில்லை. டப்பாவைத் திறந்து இரண்டு பதக்கங்களையும் மேஜையில் வைத்தார். "இதுல ஒண்ணு உங்கப்பனோடது. எதுன்னு எனக்குத் தெரியல. ரெண்டுலயும் பேரு இல்ல. நான் தேய்ச்சே அழிச்சிட்டேன்."

இடியின் மனைவி பதக்கத்தை எடுத்து விளிம்பைப் பார்த்தாள். முந்தானையால் துடைத்துவிட்டுப் பார்த்தாள். "என்னண்ணே இது?" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "அவருகிட்ட இருந்தா போயிடும்னு உங்ககிட்ட குடுத்தது. நாலு நாளைக்கு முன்னாடி கேட்டேனே, பேரு இருக்கான்னு. எங்க போகப் போகுதுன்னீங்களே."

"சொன்னேன். சொல்றதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடிதான் எனக்கே தெரிஞ்சது. வாய் வரல."

"அவரு வாய வச்சுக்கிட்டுக் கெட்டாரு. நீங்க கைய வச்சுக்கிட்டுக் கெடுத்துட்டீங்க." அவள் சுவரோரம் போய் நின்றுகொண்டாள்.

மகள் இரண்டையும் எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். பார்ப்பதற்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை விளிம்பில் சுற்றவிட்டாள். "மெஷின்ல ராவினது இல்ல. மெஷின்னா கோடு நேரா விழும். எதுல தேய்ச்சீங்க?"

"பனியன் துணி. பாலிஷு. சில சமயம் செங்கப்பொடி."

"எத்தன நாளு?"

"சனிக்கிழமை சனிக்கிழமை. இருபத்திரண்டு வருஷம்."

அவள் வாய்க்குள் கணக்குப் போட்டாள். "ஆயிரத்து நூறு தடவைக்கு மேல" என்றாள். "பட்டறையில ஒரு வேலையச் சொன்னதும் விடாமச் செய்யிற ஆளு ஒருத்தன் கிடைக்க மாட்டேங்கிறான்." மறுபடி விரலை ஓட்டினாள். "சுத்தி லேசா ஏத்த எறக்கம் இருக்கு. எழுத்து அடிச்ச எடம்தான். ரெண்டுலயும் இருக்கு. சரி, ஒண்ணு உங்களுது. இன்னொண்ணு எங்கப்பனோடதுன்னு நீங்க சொல்றீங்க. அத நான் நம்பணும்."

"ஆமா."

"நீங்க அவருக்கு அவ்வளவு சிநேகிதம். அவருக்காகப் பொய் சொல்ல மாட்டீங்களா?"

கந்தல் இருக்கிறதைச் சொன்னார். "சொல்லுவேன். சொல்றதுன்னா பேரோட கொண்டாந்திருப்பேன். வெட்டிக் குடுக்கக் கடைவரைக்கும் போயிட்டேன். காகிதத்துல எழுதியே குடுத்துட்டேன்."

"அப்புறம்?"

"நீ லேத்துல நிக்கிறவ. வெட்டின எழுத்துன்னு பாத்ததும் சொல்லிடுவன்னு எழுந்து வந்துட்டேன்."

மகள் சிரித்தாள். தொண்டையைக் கிழித்துக்கொண்டு வந்த சிரிப்பு. அப்படியே இடி. "கண்டிப்பாச் சொல்லியிருப்பேன்" என்றாள். பிறகு நாற்காலியை இழுத்து அவருக்குப் போட்டுவிட்டுத் தான் மேஜை ஓரத்தில் சாய்ந்தாள். "அவரத் தொரத்தி விட்டாங்களா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

"தொரத்தல. மெடல் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகல. நீராவிக் குழாய் வெடிச்சது. எல்லாரும் ஏணியில ஏறிட்டோம். நானும்தான். அவன் வால்வ மூடிட்டு அப்புறமா ஏறினான். அதுலதான் ரெண்டு காதும் போச்சு. காது கேக்காதவன் பாய்லர் பக்கத்துல நிக்கக் கூடாதுன்னு காகிதம் குடுத்து அனுப்பிட்டாங்க. ஊருல வந்து 'ஏன் வந்துட்ட, ஏன் வந்துட்ட'ன்னு கேட்டாங்க. கேட்டதே அவனுக்குக் கேக்கல. பதில் சொல்லாம நின்னான். தொரத்திட்டாங்கன்னு அவங்களா முடிவு பண்ணிக்கிட்டாங்க."

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"தெரியல பொண்ணு. நாலு வருஷம் கழிச்சு, நானும் படையை விட்டு வந்த பெறகு, ஒரு நாள் மெடலக் கொண்டாந்து என் மேஜைமேல வச்சுட்டுத் தெருவே கேக்குற மாதிரி கத்தினான். 'நீ வச்சுக்கடா, எங்கிட்ட இருந்தா சாக்கடையில போட்டுடுவேன்'னான். ஏன்டான்னு கேட்டேன். அதுவும் அவனுக்குக் கேக்கல."

மகள் மின்விசிறியின் இறக்கை ஒன்றை எடுத்துத் திருப்பிக்கொண்டிருந்தாள். "வீட்ல அவரு எப்படி இருந்தாருன்னு உங்களுக்குத் தெரியுமா மாமா? அம்மா மேல கொழம்புச் சட்டியத் தூக்கி எறிஞ்சாரு. என் பள்ளிக்கூடப் பையத் தெருவுல வீசினாரு."

"தெரியும்."

"வால்வ மூடின ஆளும் அந்த ஆளும் ஒரே ஆளா?"

மகள் திரும்ப மேஜையில் வைத்திருந்த இரண்டு பதக்கங்களையும் கந்தல் பார்த்தார். ஒரே அளவு, ஒரே பளபளப்பு. "எனக்கும் அதுதான் புரியல" என்றார். "நல்ல நடத்தைன்னு போட்டிருக்கானே, அதுக்கு நல்லவன்னு அர்த்தம் இல்ல. மணி அடிச்சா எழுந்திரிச்சான், நிக்கச் சொன்ன எடத்துல நின்னான், பதினஞ்சு வருஷம் எதுலயும் மாட்டல. அவ்வளவுதான். எனக்கும் அதுக்குத்தான் குடுத்தாங்க. நான் ஏணியில ஏறினவன்."

தெருவில் எவனோ ஒருவன் மிதிவண்டி மணியை விடாமல் அடித்துக்கொண்டு போனான். மகள் எழுந்து கருவிப் பெட்டியைத் திறந்தாள். ஆணி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் நேராக இருக்கிறதா என்று பார்த்தாள். சுத்தியலை எடுத்தாள். நாலே அடியில் ஆணி சுவரில் இறங்கியது. கதவுக்குப் பின்னாலிருந்த படத்தை இழுத்து, கண்ணாடியை முழங்கையால் ஒரு தடவை துடைத்து மாட்டினாள். கொஞ்சம் கோணலாக இருந்தது. நிமிர்த்தவில்லை.

"ஆணி அடிச்சிட்டா எல்லாத்தையும் மறந்துட்டேன்னு நெனைச்சிடாதீங்க" என்றாள் பொதுவாக, யாரைப் பார்த்து என்று தெரியாமல். "அவர இன்னும் எனக்குப் பிடிக்கல."

இடியின் மனைவி சுவரோரத்திலிருந்து வந்தாள். இரண்டு பதக்கங்களையும் இரண்டு உள்ளங்கையிலும் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு இடது கையை மூடிக்கொண்டாள். "இதுதான் அவரோடது."

"எப்படித் தெரியும்?" என்று கந்தல் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

"தெரியலண்ணே. இதுன்னு இருக்கட்டும்."

மிச்சமிருந்ததை டப்பாவில் போட்டு மூடிக்கொண்டு கிளம்பினார். வாசல்வரை வந்த மகள், "மாமா, ஒண்ணு" என்றாள். "இனிமே அதத் தேய்க்காதீங்க. கப்பலாவது இருக்கட்டும்."

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் டப்பாவைத் திறந்தார். துணையில்லாத பதக்கம் டப்பாவுக்குள் கடகடவென்று ஓடியது. தன்னுடையதா, இடியுடையதா? காலையில் தன்னுடையது என்று தோன்றியிருந்தது. இப்போது அப்படித் தோன்றவில்லை. துணியை ஒரு கையிலும் அதை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கட்டைவிரல் தானாக விளிம்புக்குப் போனது. இழுத்துக்கொண்டார். மறுபடி போனது.

"அத இங்க குடுங்க" என்று மனைவி வாங்கி, ஊசி டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டாள். "கை நிக்காட்டி அந்தக் கதவுத் தாழ்ப்பாளத் தேய்ங்க. பச்சை பூத்துக் கெடக்கு."

கந்தல் கதவுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பித்தளைத் தாழ்ப்பாள். துணியில் பாலிஷ் தொட்டு ஓரத்தில் வைத்தவர், கையை எடுத்துவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். பச்சைக்கு அடியில் செய்தவன் பெயர் சின்னச் சின்ன எழுத்தில் பதிந்திருந்தது. யாரென்றே தெரியாதவன். எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தார். பிறகு துணியின் நுனியைத் திரியாக முறுக்கி, அந்த எழுத்துகளைத் தொடாமல் சுற்றிலும் தேய்க்க ஆரம்பித்தார்.